மடித்துப் பார்க்க வேண்டும்

2019-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, காலை ஆறரை மணி. பாகாயத்தில் என் வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, அமெரிக்காவில் நடக்கும் வாய்ச்சண்டை ஒன்றைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மியாமி நகரில் அது முந்தின நாள் இரவு ஒன்பது மணி. பக்கத்து வீட்டு பாயும் வந்து சேர்ந்துகொண்டார். ஆம்பூர் டேனரிகளில் நாற்பது வருஷம் தோலைத் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர் அவர்.

ஊரார் தேர்தலில் எங்களுக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். தேசத்தில் மற்றவர்களெல்லாம் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் வேலூர்த் தொகுதியில் மட்டும், பணம் கட்டுக் கட்டாகப் பிடிபட்டதால், ஏப்ரல் 18-ல் நடக்கவேண்டிய பார்லிமெண்டுத் தேர்தலை இரண்டு நாள் முன்னதாக ஜனாதிபதி ரத்துச் செய்திருந்தார். ஓட்டில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அசலூர்த் தேர்தலாவது கிடைத்ததே!

டெமாக்ரடிக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் யார் என்று தீர்மானிக்கும் உட்கட்சிப் போட்டி அது. இருபது பேரைப் பத்துப் பத்தாக இரண்டு இரவுகளில் மேடை ஏற்றினார்கள். ஒரு பதிலுக்கு ஒரு நிமிஷம். அன்று நடுநாயகமாக நின்றவர் ஜோ பைடன். எட்டு வருஷம் உப ஜனாதிபதியாக இருந்தவர். கருத்துக் கணிப்புகளில் முதலாமவர்.

அவரை எதிர்த்துக் கிளம்பியவர் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். 'நம்ம பெண்' என்ற பாசம் தராசில் ஏறிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாயிருந்தது. விமரிசகன் செய்யக்கூடிய பாவங்களில் அதுவே முதலாவது.

நிறப் பிரிவினையை ஆதரித்த இரண்டு பழைய செனட்டர்களோடு தாம் இணங்கி வேலை செய்ததைச் சில நாள் முன்பு பைடன் சிலாகித்திருந்தார். கமலா அதைப் பிடித்துக்கொண்டார். பைடனை நிறவெறியர் என்று தாம் நம்பவில்லை என்று தொடங்கினார். பிறகு, கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பதற்காகப் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பிய திட்டத்தை அவர் ஒரு காலத்தில் எதிர்த்ததை நினைவூட்டினார். கலிபோர்னியாவில் அப்படித் தினம் பஸ் ஏறிய ஒரு சிறுமி உண்டு. அந்தச் சிறுமி தாம்தான் என்று முடித்தார்.

கதை எழுதுகிறவனுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். கமலா சட்டம் பேசவில்லை. ஒரு குழந்தையைக் கண் முன்னால் நிறுத்தினார்.

பைடனோ, மத்தியக் கல்வி இலாகா உத்தரவு போட்டுத் திணிப்பதைத்தான் எதிர்த்ததாக விளக்கினார். அதில் விஷயம் இல்லாமலில்லை. ஆனால் கேட்டது ஒரு சிறுமி. பதில் போனது ஓர் இலாகாவுக்கு. கடைசியில், தம் நேரம் முடிந்துவிட்டதென்று தாமே சொல்லிப் பேச்சை நிறுத்திக்கொண்டார். முதல் ஸ்தானத்தில் நிற்பவர் கடிகாரத்துக்குப் பின்னால் ஒளியலாமா? அன்று செய்தது தவறு என்றோ, இன்றைக்கும் அதுவே சரி என்றோ, இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் வரவில்லை. அன்றைய தோல்வி அதுதான்.

"பளபளப்பைப் பார்த்து விலை சொல்லக் கூடாது சார்" என்றார் பாய். "தோலை மடிச்சுப் பார்க்கணும். மடிச்ச எடத்துல வெடிக்குதான்னு பார்க்கணும். அந்த அம்மா நல்லா மடிச்சுட்டாங்க. பெரியவரு தாங்கலே."

உண்மைதான். ஆனால் மடித்தவரையும் மடித்துப் பார்க்க வேண்டாமா? அந்தச் சிறுமியின் வாசகத்தை அச்சடித்த பனியன்களைக் கமலாவின் பிரசாரக் குழு உடனேயே விற்கத் தொடங்கிவிட்டது. எனக்கு அது உறுத்தியது. சில நாட்களில், இன்றைக்கு அந்தத் திட்டத்தில் உங்கள் நிலை என்ன என்று கேட்டபோது, அவர் சொன்ன பதிலுக்கும் பைடனின் பதிலுக்கும் பெரிய தூரம் இல்லை. டிசம்பர் 3-ந் தேதி, ஒரு ஓட்டும் விழுவதற்கு முன்பே, போட்டியிலிருந்து விலகினார். அன்று தோற்ற பைடனே அபேட்சகரானார்; கமலாவையே துணைக்கு அழைத்துக்கொண்டார்; 2020-ல் ஜெயித்தார்.

அப்படியானால் மேடை சொன்னது பொய்யா? சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2024-ல் அதே ஜூன் 27-ந் தேதி, அட்லாண்டாவில் ட்ரம்புக்கு எதிரே நின்று பைடன் வாக்கியங்களை முடிக்கத் திணறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21-ல் விலகினார். யார் ஜெயிப்பார் என்று விவாத மேடை சொல்லாது. அது ஜோசியம் அல்ல. எதிர்பாராத கேள்விக்கு முன்னால் ஒரு மனிதர் எப்படி நிற்கிறார் என்பதை மட்டும் காட்டும். ஓட்டுப் போடுகிறவனுக்கு அது சிறிய லாபமல்ல.

2019-க்கே திரும்புகிறேன். ஆகஸ்டு 5-ந் தேதி எங்களுக்கும் தேர்தல் வந்தது. வேன்கள் வந்தன, ஒலிபெருக்கிகள் வந்தன, கும்பிட்ட கைகள் வந்தன. அபேட்சகர்கள் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. 8,141 ஓட்டு வித்தியாசத்தில் தீர்ந்த தேர்தல் அது. ஒவ்வோர் ஓட்டும் யோசித்துப் போடவேண்டிய ஓட்டுத்தான்.

சாவடியிலிருந்து சேர்ந்து திரும்பும்போது, "மடிச்சுப் பார்த்தீங்களா, பாய்?" என்று கேட்டேன்.

விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையில குடுத்தாத்தானே சார் மடிக்கிறதுக்கு."