குறவஞ்சியும் காவடிச்சிந்தும்: செவ்விசைக்கும் மக்கள் பாட்டுக்கும் இடையே

தமிழ்த் திரைப்பாடல்களில் செவ்விசையின் தாக்கம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ராகப் பெயர்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. பாட்டின் அமைப்பும், சொல் தாளத்தில் அமரும் முறையும் அவற்றில் இடம்பெறுவதில்லை. தென்காசி வட்டாரத்தில் தோன்றிய இரு நூல்கள் இந்தக் குறையைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒன்று, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. மற்றொன்று, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து.

18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குற்றாலக் குறவஞ்சி, குற்றாலநாதர் மேல் காதல் கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி குறி சொல்லும் கதை. இதில் பல இடங்களில் ஒரு செய்தி முதலில் விருத்தமாகவும், பின்னர் ராக தாளம் குறிக்கப்பட்ட பாட்டாகவும் வருகிறது. தாளக்கட்டு இல்லாத விருத்தம் மனநிலையை உருவாக்குகிறது. பாட்டு அதைத் தாளத்தில் நிறுத்துகிறது. திரைப்பாடலில் பல்லவிக்கு முன்னர் வரும் தொகையறா செய்வதும் இதையேதான். சிங்கனும் சிங்கியும் ஒரே மெட்டில் வினாவும் விடையுமாகப் பாடும் பகுதி, பிற்கால ஜோடிப் பாடல்களின் வாதப் போக்கை நினைவூட்டுவது.

இவற்றைக் குறவஞ்சியின் நேரடி வாரிசுகள் எனக் கொள்ள முடியாது. இடையே இசைநாடக மேடை இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோர் கர்நாடக ராகங்களையும் சிந்து வகைகளையும் ஒரே நாடகத்தில் கையாண்டனர். தொடக்ககாலப் பேசும்படங்கள் தம் நடிகர்களையும் பாட்டு முறையையும் பெருமளவு அம்மேடையிலிருந்தே பெற்றன.

காவடிச்சிந்து எதிர்த்திசையில் சென்றது. காவடி சுமந்து நடப்போரின் வழிநடைப் பாட்டை எடுத்துக்கொண்ட அண்ணாமலை ரெட்டியார், அதைக் கழுகுமலை முருகன் மீதான இலக்கியமாக ஆக்கினார். ஊத்துமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். திருவாவடுதுறையில் தமிழ் கற்றவர் என்பதால், அடிக்குள் அடுக்கடுக்காக எதுகையும் மோனையும் இயைபும் வைக்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. மும்மை நடையின் ஒவ்வொரு தட்டிலும் ஓசை ஒத்த சொல் விழுவதால், பாடுபவர் இழுத்து நிரப்ப வேண்டிய இடைவெளியே இல்லை. இந்நூலின் வலிமை செஞ்சுருட்டி ராகத்தைக் காட்டிலும் இந்தச் சொற்கட்டிலேயே உள்ளது. பின்னால் வந்த பல காவடிச்சிந்துகள் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்செறிவைக் கைவிட்டதால் மெலிந்தன.

குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவி 1944ல் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். காவடிச்சிந்து கச்சேரி மேடைக்கு வந்தாலும் பெரும்பாலும் இறுதியில், துக்கடாவாகவே பாடப்படுகிறது. கனமான உருப்படிகளுக்குப் பிறகான இளைப்பாறலாக அதை வைப்பது, அதன் யாப்பு நுட்பத்தைக் கேட்பவர் கவனிக்காமல் போக வழிசெய்கிறது.

செவ்விசை மேலிருந்து கொடுத்தது, மக்கள் பாட்டு கீழிருந்து பெற்றது என்னும் சித்திரம் இவ்விரு நூல்களுக்கும் பொருந்தாது. ஒன்று ராகத்தையும் தாளத்தையும் குறத்தியின் வாய்க்குக் கொண்டுவந்தது. மற்றொன்று வழிநடைப் பாட்டைப் புலவரின் யாப்புக்குள் கொண்டுசென்றது. திரைப்பாடலை மதிப்பிடும்போதும் அது எந்த ராகம் என்பதோடு, அதன் சொற்கள் தாளத்தை எவ்வாறு தாங்குகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டும்.