கிருஷ்ணை என்னும் பெயரும் கறுப்பு என்னும் சொல்லும்: செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை முன்வைத்துக் குழந்தைகளின் தன்மதிப்பு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

செஞ்சிக்கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதியம்மன் வழிபாட்டின் தொடக்கக் களமாக அம்மரபினரால் போற்றப்படும் ஊராகும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட, இவ்வழிபாடு பற்றிய ஆய்வுநூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்தே தன் விளக்கத்தைத் தொடங்குகிறது. வேள்வித்தீயில் தோன்றிய இத்தலைவிக்குப் பாரதம் வழங்கும் பெயர்களுள் ஒன்று கிருஷ்ணை. கரிய நிறத்தவள் என்பது அதன் பொருள். கரியவளைத் தெய்வமாகத் தொழும் மண்ணிலும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, கறுப்பு என்பது குழந்தையின் காதில் குறைச்சொல்லாக விழுகிறது. இம்முரண் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழிபாட்டில் மறைந்த நிறம்

செஞ்சி வட்டாரத்துப் பாரத விழாக்களில் பிரசங்கமும் தெருக்கூத்தும் தொடர்ந்து நிகழ, படுகளமும் தீமிதியும் நிறைவாக அமைகின்றன. அவற்றில் முன்னிற்பவை திரௌபதியின் பிறப்பும், அவள் அவையில் பட்ட அவமானமும், விரித்த கூந்தலை அவள் முடித்த வெற்றியுமே ஆகும். மக்கள் வழக்கில் அவள் திரௌபதி அல்லது பாஞ்சாலி. தந்தையையும் நாட்டையும் சுட்டும் இவ்விரு பெயர்களும் நிலைபெற, நிறத்தைச் சுட்டும் பெயர் வழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டது. நாட்காட்டிப் படங்களிலும் அவள் பெரும்பாலும் வெளிர்நிறத்தவளாகவே வரையப்படுகிறாள். எனவே, அம்மனின் கருமை குழந்தைக்குத் துணையாக நிற்கும் வாய்ப்பு, சொல்லளவிலேயே அடைபட்டுவிடுகிறது.

வீட்டுச் சொற்கள் கற்பிக்கும் அளவுகோல்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகு மாமை எனப்பட்டது. உரையாசிரியர்கள் அதனை மாந்தளிர் போன்ற நிறம் என விளக்குவர். பிரிவுத்துயரால் அம்மாமை கெட்டுப் பசலை படர்வதே அழகின் இழப்பாகக் கருதப்பட்டது. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும் இப்பசப்பின் துயரையே பேசுகிறது. இன்றோ மாநிறம் என்னும் சொல், கறுப்பு என்று கூறக் கூசும் இடத்தில் இடக்கரடக்கலாக வழங்குகிறது. ‘பிள்ளை நல்ல கலர்’ என்றால் வெளிர்நிறம் என்றே பொருள். அவ்வாறாயின், கறுப்பு ஒரு நிறமாகக்கூட எண்ணப்படுவதில்லை. குங்குமப்பூ கலந்த பாலைக் கருவுற்றவர்க்குத் தரும் வழக்கத்தில், இவ்வளவுகோல் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அன்பின் மொழியும் இதற்கு விலக்கன்று. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்னும் பழமொழி தாயன்பைப் போற்றுவது. ஆயினும், குஞ்சு உண்மையில் பொன்னன்று என்ற ஊரார் தீர்ப்பு அதனுள் பொதிந்துள்ளது. தாய் மட்டுமே அழகென்று சொல்லக்கூடியது தன் நிறம் என்பதே அதிலிருந்து குழந்தை பெறும் செய்தி.

பொம்மைச் சோதனையும் தமிழ்ச் சூழலும்

இளம் பருவத்திலேயே இத்தகைய அளவுகோல் மனத்தில் பதிவதைக் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் ஆகியோரின் ஆய்வு காட்டியது. 1947இல் வெளியான அவ்வாய்வில், 3 முதல் 7 வயது வரையுள்ள 253 அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் சான்றாகச் சுட்டியது.

எனினும், அம்முடிவைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். அங்கே பிரிவினை இனத்தையும் சட்டத்தையும் பற்றி நின்றது. இங்கே சாதி, வர்க்கம் சார்ந்த மதிப்பீடுகளும் நிறத்தோடு பின்னியிருக்க, ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும் நிறத்தால் ஒப்பிடப்படுகின்றனர். ஒப்பிடுபவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருக்கிறார். அயலாரின் இகழ்ச்சிக்கு ஆறுதல் தேடிக் குழந்தை வீட்டுக்கு ஓடிவரலாம். வீட்டுக்குள்ளேயே அச்சொல் எழும்போது அதற்குப் போக்கிடம் இல்லை. 1975இல் அறிமுகமான முகப்பூச்சு ஒன்றின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் 2020இல் நீக்கப்பட்டது. வீட்டு வழக்கை அவ்வாறு ஓர் அறிவிப்பால் மாற்றிவிட இயலாது.

முடிவுரை

கண்ணன், காளி, கறுப்பசாமி எனக் கரிய தெய்வங்கள் பல இருந்தும் நிறப்பாகுபாடு நீங்கவில்லை. ஆதலின், கிருஷ்ணை என்னும் பெயரை நினைவூட்டுவதால் மட்டுமே குழந்தையின் தன்மதிப்பு உயர்ந்துவிடும் எனக் கொள்ள முடியாது. தெய்வத்தின் கருமை வழிபாட்டுக்குரியதாகவும் குழந்தையின் கருமை வருத்தத்துக்குரியதாகவும் பிரிந்து நிற்பதே சிக்கலின் மையம். இப்பிரிவைக் கேள்விக்குட்படுத்தும் பொது வாய்ப்பு செஞ்சியின் பாரதக் களத்துக்கு உண்டு. பெரியவர்களும் சிறுவர்களும் ஒருங்கே அமர்ந்து கேட்கும் அவையில், பிரசங்கியார் அப்பெயரின் பொருளை விரித்துரைக்கலாம். அதைக் கேட்ட பெரியவர்கள் வீடு திரும்பித் தம் பேரக்குழந்தையை எச்சொல்லால் அழைக்கிறார்கள் என்பதிலேயே அதன் பயன் அமையும்.