திருவாசகமும் பல்லியமும்

எட்டாந் திருமுறையாகிய திருவாசகத்தின் பகுதிகள் சிலவற்றை இளையராஜா அவர்கள் மேனாட்டுப் பல்லியத்தோடு இயைத்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவினர் கருவிகளை இசைத்தனர். பழைய மரபு இதன்கண் பேணப்பட்டதா என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை. வினவுவோருட் பலர் கருவியை நோக்குகின்றனரேயன்றிப் பாட்டை நோக்குகின்றிலர். கருவியே குற்றமாயின் வயலினையும் விலக்கல் வேண்டும். அதுவும் மேனாட்டினின்று வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டாக நம் அரங்குகளில் வீற்றிருப்பதன்றோ!

தேவாரப் பதிகங்களுட் பெரும்பாலானவற்றிற்குப் பண் வகுக்கப்பெற்றுள்ளது. அவற்றைப் பண்மாற்றிப் பாடுதல் முறையன்று. திருவாசகத்திற்கு அங்ஙனம் பண் வகுத்திலர். ஓதுவார்கள் அதனை மோகனத்தில் ஓதுவது வழக்கான் வந்தது. ஆதலின் புதிதாக இசையமைப்பார்க்கு ஈண்டு இடமுண்டென்பதே எம் துணிபு. ஆயினும், பண்ணின் வரையறை இல்லாவிடத்தும் யாப்பின் வரையறை உளது. சீரும் தளையும் அடியும் நிற்குமாறு நின்று, சொல் செவிக்குத் தெளிவாகச் சென்றெய்தல் வேண்டும்.

இவ்வளவைகொண்டு நோக்குங்கால், திருப்பொற்சுண்ணப் பகுதி மிகச் சிறந்ததென்போம். பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டாக அமைந்தது அது. அம்மானை, சாழல், தெள்ளேணம், உந்தி, ஊசல் என மக்கள்தம் ஆடலையும் தொழிலையுமே அடிகள் பாட்டிற்கு உறைவிடமாக்கினார். பலர் கூடிப் பாடும் குரல்களை அமைத்து, உலக்கை எழுந்து விழும் நடையை இசையமைப்பாளர் விடாது பற்றியிருக்கின்றார். மேனாட்டுக் கருவிகள் அந்நடைக்கு ஏவல் செய்கின்றன. மரபை அறிந்தார் ஒருவர்க்கன்றி இது கைகூடாது.

சிவபுராணப் பகுதியில் எமக்கு உடன்பாடில்லை. அது 95 அடிகளான் இயன்ற கலிவெண்பா. ஓரடியின் ஈற்றுச்சீர் அடுத்த அடியின் முதற்சீரைத் தளையாற் பற்றியே செல்லும். பிறவிதோறும் உழன்று இளைத்த உயிரின் முறையீடு அத்தொடர்ச்சியினாலன்றோ நெஞ்சை உருக்குகின்றது? அதனிடையே ஆங்கில வரிகள் மிடையப்பெற்றுள்ளன. பொருளில் அவை பொருந்தலாம். தளையில் யாங்ஙனம் பொருந்தும்? தமிழறியாதார்க்கும் பயன்படுமென்பர், அதற்கு உரையொன்று தனியே எழுதி உடன் கொடுத்தல் அமையும்.

மற்றொன்று. பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிப்பது மேனாட்டு முறை. அச்சுரங்கள் அசையாது நிற்பனவாதலின், அவற்றோடு முரணாமைப்பொருட்டுப் பாடுவார் தம் கமகத்தைச் சுருக்கிக்கொள்ள நேர்கின்றது. திருத்தருமபுரத்தில் ஆளுடைய பிள்ளையார் அருளிய பதிகம் யாழில் அடங்காமையின், நீலகண்டப் பெரும்பாணர் யாழை முறிக்க ஓங்கினாரென்றும், பிள்ளையார் தடுத்தனரென்றும் சேக்கிழார் கூறுவர். கருவிக்கு அடங்குமாறு பாட்டைக் குறுக்கலாமென்று ஆண்டு எவரும் எண்ணிற்றிலர். யாழும் பிழைத்தது, இயன்ற அளவு இசைத்துப் பின்சென்றது.

திருப்பொற்சுண்ண மெட்டைப் பல்லியமின்றி, கைத்தாளம் ஒன்றே துணையாக, ஓதுவார் ஒருவர் பாடினும் அது தளராது நிற்கும். சிவபுராணத்தின் 95 அடிகளையும் இடையறவின்றி அவ்வாறே அமைத்துத் தருவாராயின், எத்தனை கருவிகள் உடன் ஒலிப்பினும் யாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.