கேட்டு எழுதிய கை

அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலை மறுபடி கையில் எடுக்கும்போது, அவர் பெயரோடு சேர்ந்து வரும் இன்னொரு பெயரிலும் சற்றே கண்ணை நிறுத்துங்கள்: அருண் திவாரி. 1999-இல் ஹைதராபாத் யுனிவர்சிட்டீஸ் பிரஸ் வெளியிட்ட ஆங்கில மூலத்தைக் கலாம் சொல்லச் சொல்லக் கேட்டு, கோத்து, நூலாக்கித் தந்த கை அவருடையது. மூன்றே ஆண்டுகளில் குடியரசுத் தலைவராகவிருந்த ஒருவரின் குரல் அத்தனை தூய்மையாக நம்மிடம் வந்து சேர்ந்ததில் அந்தக் கையின் நளினம் எவ்வளவு!

திவாரி ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் கலாமின் கீழ்ப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். உங்கள் நினைவுகளை எழுதி வைக்கட்டுமா என்று தம் தலைவரிடம் கேட்கவே அவருக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. நாளுக்கு 18 மணி நேரம் உழைக்கும் மனிதரிடம் ஏது ஓய்வு? ஊர் உறங்கிய பின்னிரவிலும் பொழுது புலருமுன்னும் கிள்ளி எடுத்த வேளைகளில்தான் இருவரும் அமர்ந்தார்கள். அந்த வேளைகளின் நிறம் பக்கங்களில் அழகாகப் படிந்திருக்கிறது. மேடையில் எழும் குரல் இதில் இல்லை. இரவில் நெருங்கியவரிடம் மனம் திறக்கும் தணிந்த, கனிந்த குரல் இருக்கிறது. கேட்பவர் அவசரப்படாதவராக இருந்தால்தான் சொல்பவருக்கு அந்தக் குரல் வாய்க்கும்.

ராமேசுவரத்து அத்தியாயத்துக்கு வாருங்கள். தந்தை ஜைனுலாபுதீன் விடியுமுன் எழுந்து தொழுகிறார். நான்கு மைல் தள்ளியிருக்கும் தென்னந்தோப்புக்கு நடந்து போகிறார். ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பிறகே அவருக்குக் காலை உணவு. ‘என் தந்தை எளியவர், உழைப்பாளி’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்த மைல் கணக்கும் காய்க் கணக்கும் தங்கியதால் அல்லவா, ஒரு மகன் தகப்பனைப் பார்த்துக்கொண்டே நின்ற அன்பு நமக்குத் தெரிகிறது! சொன்னவரின் நினைவு அருமை. அதைச் சுருக்கிவிடாமல் காத்த ரசனையும் அருமை.

எங்கள் அந்தமானின் சாத்தம் தீவில் 1883 முதல் மரம் அறுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. படாக் மரத்தின் செம்பலகையை இழைப்புளியால் சீவும் தச்சர் அதில் கோலம் எதையும் வரைவதில்லை. மரத்துக்குள் ஏற்கெனவே ஓடும் வரிகள் மெல்ல மேலெழுந்து மினுங்கும் வரை சீவுகிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். திவாரியின் வேலையும் அந்த இனம். நூல் முழுவதும் ‘நான்’ என்று பேசுகிறது. அந்த ‘நான்’ எங்கும் கலாமாகவே இருக்கிறது.

இந்த நயம் முழுதாய் மலரும் இடம் ஒன்று உண்டு. 1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த, கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 317 விநாடிகளில், எங்கள் தீவுகளைத் தழுவிக் கிடக்கும் இதே வங்கக் கடலில் விழுகிறது. பல ஆண்டு உழைப்பு ஐந்தே நிமிடத்தில் போயிற்று. களைத்துப் படுத்துவிட்ட கலாமின் கட்டிலருகே மாலை நெருங்கும் நேரத்தில் வந்து அமர்ந்திருக்கிறார் அவருடைய இயக்குநர், முதியவர் பிரம்ம பிரகாஷ். சாப்பிடப் போகலாமா என்று கேட்கிறார். அவ்வளவுதான்! ராக்கெட்டின் பழுதைப் பொறியியல் துல்லியத்தோடு சொல்லும் அதே நூல், தவறிப்போன ஒரு மதியச் சாப்பாட்டையும் மறக்காமல் ஏந்தி வருகிறது. விஞ்ஞான வரலாற்றுக்கு அந்தச் சாப்பாடு அவசியமில்லை என்று வேறொரு கை அடித்திருக்கக்கூடும். அது நின்றதால், ஒரு மூத்தவர் இளையவரின் துயரை எப்படித் தொட வேண்டும் என்று காலமெல்லாம் கற்றுத்தரும் பக்கமாக அது ஒளிர்கிறது.

இந்த இணக்கம் ஒரு நூலோடு முடியவில்லை என்பது இன்னோர் இனிமை. ஆன்மிகத் தலைவர் பிரமுக் சுவாமியைப் பற்றிய ‘டிரான்சென்டன்ஸ்’ வரை இருவர் பெயரும் சேர்ந்தே வந்தன. அது வெளியானது 2015-இல், கலாம் மறைந்த அதே ஆண்டில். மீரட்டில் பிறந்த ஒருவர் தமிழ்க் கடற்கரையின் பிள்ளைப் பருவத்தை ஆங்கிலத்தில் வாங்கி வைத்தார், அதை மு. சிவலிங்கம் நம் மொழிக்கு மீட்டுத் தந்தார். இத்தனை கைகள் மாறியும் ராமேசுவரத்து உப்புக்காற்று குறையவில்லை. ஆகவே அடுத்த முறை திவாரியின் முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். அதை முதலில் படித்துவிட்டு உள்ளே நுழைந்தால், கலாமின் ஒவ்வொரு வரியிலும் எதிரே அமர்ந்து கேட்டவரின் மரியாதையும் சேர்ந்தே இனிக்கும்.