முப்பது பாசுரம், ஒரே சுருதி

தனித்தும் நிற்கக்கூடிய பாடல்களைக் கோத்து, கோத்த வரிசையே பொருள் தருமாறு அமைப்பது பாடல் தொடர் எனப்படும். ஜெர்மானிய இசையில் இவ்வடிவத்தின் சிகரம், வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு ஷூபர்ட் 1827-இல் குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்த 'விண்டர்ரைசே' (குளிர்காலப் பயணம்). தமிழில் அதனருகே வைத்து எண்ணத்தக்கது ஆண்டாளின் திருப்பாவை. முப்பது பாசுரங்களும் ஒரே யாப்பில் அமைந்து ஒரே முடிப்பில் நிற்பதால், இதை எவ்வாறு பாடுவது என்பதில் மூன்று வழிகள் கிளைத்தன.

வைணவக் கோயில்களில் அடியார் கூடி இராகமின்றி ஓதும் கோஷ்டிச் சேவை முதலாவது. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற தலங்களில் குழித்தாளம் ஏந்தி, பாடி, அபிநயித்து, உரையும் சொல்லும் அரையர் சேவை இரண்டாவது. மூன்றாவது கச்சேரி வழி. இன்று பெரும்பாலோர் அறிந்த இராக அமைப்பு அரியக்குடி இராமானுஜ ஐயங்காருடையது (1890–1967). அவர் முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என வகுத்தது, கன இராகங்கள் ஐந்தும் தியாகராசரின் பஞ்சரத்தினத்தில் வரும் அதே முறையாகும். கேட்பவரை இவ்வாறு வாயிலில் நிறுத்திவிட்டு, பத்தாம் பாசுரத்தில் தோடியையும் பதினெட்டில் சாவேரியையும் தந்து, 28-ஆம் பாசுரத்தைக் காம்போதியில் விரித்து, 29-க்கு மத்தியமாவதியையும் 30-க்குச் சுருட்டியையும் அவர் வைத்தார். மங்களத்துக்கு உரிய இராகங்கள் இரண்டு அடுத்தடுத்து வருவது மிகையன்று. 29-ஆவது பாசுரம் ஆய்ச்சியரின் வேண்டுதலை முடிக்க, 30-ஆவதில் ஆண்டாள் ஆய்ச்சி வேடம் களைந்து தம் பெயரையே சொல்லி நூலை முடிக்கிறார். இரண்டு முடிவுகளுக்கு இரண்டு மங்களம்.

இவ்வரிசை கச்சேரி மேடையில் முழுமையாக ஒலிப்பது அரிது. ஓரிரு பாசுரங்களே துக்கடாவாக இடம்பெறும். தொடரைத் தொடராகவே கேட்கச் செய்தது இசைத்தட்டுதான். பாடகர் கெர்ஹார்ட் ஹூஷ் 1933-இல் விண்டர்ரைசேயைப் பதிவு செய்தபோது தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிட அளவே கொண்டதால், குளிர்காலப் பயணி பாட்டுக்குப் பாட்டு நின்று நின்றே நடக்க வேண்டியிருந்தது. நெடுந்தட்டு வந்தபின் அந்த இடர் நீங்கியது, எம். எல். வசந்தகுமாரியின் குரலில் திருப்பாவை பரவியதும் அத்தகைய தட்டுகளாலேயே. வேறுபாடு ஒன்று உண்டு. ஷூபர்ட்டின் பாடல்களைத் தாழ்ந்த குரலுக்கு ஏற்ப வெவ்வேறு அளவில் இறக்கினால் அவற்றுக்கிடையே உள்ள சுருதி உறவு குலையும்; திருப்பாவையில் பாடகர் தம் கட்டையை எங்கு வைத்தாலும் முப்பதுக்கும் அதுவே சுருதியாதலால், இராகம் மாறுவது மட்டுமே தொடரை நடத்துகிறது. விண்டர்ரைசேயின் பியானோ குரலுக்கு நிகராக எழுதப்பட்டது; இங்கு வயலின் பின்தொடர்கிறது, அவ்வளவே.

இசைத்தட்டின் வழியே திருப்பாவை கடல் கடந்தும் சென்றது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தமிழர் உழைத்த இரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில்கள் எழுந்தன. கோஷ்டியும் அரையரும் அங்கு ஏது? ஆகவே ஒலிபெருக்கியில் வந்த இசைத்தட்டும், பின்னர் ஒலிநாடாவுமே பள்ளியாயின. விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) மக்களின் காதில் மார்கழிப் பாட்டு தானாகவே விழும் நேரம் அது. மழை வேண்டும் நான்காம் பாசுரம் மட்டும் பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சற்றுக் கசந்திருக்கக்கூடும். பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை, பால் சேரும் கிண்ணமான மங்கில் நீர் விழுந்தால் பாலும் கெடும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் ஈப்போவின் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) பெயர்ந்த பின்னரும் தட்டின் வழி வந்த இராகங்கள் நிலைத்தன.

செவிவழிக் கல்வியின் குறையும் உடன் வந்தது. சொல் பிரியும் இடத்தை விட்டுத் தாளம் விழும் இடத்தில் மூச்சு வாங்குவது பிள்ளைகளின் ஒப்புவித்தலில் இன்றும் கேட்கிறது. கமகம் சற்றுக் குறைந்தாலும் பொறுக்கலாம்; சொல் முறிவதைப் பொறுப்பதற்கில்லை. இவ்வகையில் கோஷ்டியாரின் இராகமற்ற ஓதலே கண்டிப்பான அளவுகோல்.

தட்டு முப்பதையும் ஒரே காலையில் முடித்துவிடுகிறது; மரபோ நாளுக்கு ஒன்றாகவே அளக்கிறது. மார்கழி 29 நாளோடு முடியும் ஆண்டுகளில் மட்டும் கடைசி இரண்டும் ஒரே விடியலில் சேர, தட்டில் கேட்டவாறே மத்தியமாவதியின் ஈரம் காயுமுன் சுருட்டி தொடங்கிவிடும்.