காலைப் பார்த்தோம், ஆட்டத்தைப் பார்த்தோமா?

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வந்துவிட்டால் சிலாபம் முதல் உடப்பு, முந்தல், கற்பிட்டி வரை பாடசாலை மண்டபங்களில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. அவற்றில் நடனக் கலைஞர் சுதா சந்திரனின் படமும் இருக்கும். இதில் எனக்குள்ள மனக்குறையைச் சொன்னால், “பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் படம்தானே, இதில் என்ன பிழை?” என்று விழாக்காரர்கள் கேட்கிறார்கள்.

ஊக்கம் தருகிறது, உண்மை. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தால் வலது காலை இழந்தவர், ஜெய்ப்பூர்க் காலுடன் 1984இல் மும்பையில் மறுபடி மேடையேறினார். சிங்கீதம் சீனிவாசராவின் ‘மயூரி’ திரைப்படத்தில் தன் கதைக்குத் தானே உயிர் கொடுத்து, இந்தியத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் பெற்றார். போரில் கால் இழந்தோர் இத்தனை பேர் வாழும் நாட்டில் பதாகையில் உள்ள அந்தப் படத்தின் பெறுமதி சிறிதல்ல.

ஆனால் அந்தப் படம் நமக்கு எதைக் காட்டுகிறது? காலைத்தான் காட்டுகிறது. இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1860களில் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஆடிய டொனாட்டோவை அக்கால அச்சுப் படங்கள் ‘ஒற்றைக்கால் நடனக்காரர்’ என்றே விற்றன. இல்லாத காலைக் காணத்தான் சனம் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நம் பதாகைகள் அதையே செய்கின்றன. அன்று அதை வேடிக்கை என்றார்கள், இன்று மரியாதை என்கிறோம்.

நான் அறிய விரும்புவது வேறு. ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் ரப்பர்ப் பாதம் கொண்டது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் இடம் தருவது. ஆனால் அதில் தசை இல்லை. தரையை அது உணராது. பரதநாட்டியத்தின் தட்டடவில் பாதம் முழுவதும் ஒரே ஓசையாக விழவேண்டும். நாட்டடவில் நீட்டிய கால் குதிகாலில் ஊன்றவேண்டும். குதித்து மெட்டடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்டவேண்டும். கணுக்கால் தன் விருப்பத்துக்கு மடங்காத ஒருவர் இதையெல்லாம் எப்படிச் செய்தார்? முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் பாரம் எந்தத் தொடைக்குப் போனது? எந்த அடவை மாற்றினார், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார்? ஒரு கலைஞரின் மதிநுட்பம் அங்கேதான் இருக்கிறது. நான் வாசித்த பாராட்டுரைகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காலைக் கண்டு கலங்கியவர்கள் ஆட்டத்தைக் காணவே மறந்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகளிடமும் இதே கதைதான். வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சையில் ஒரு பிள்ளையின் அரைமண்டி உயர்ந்தால் புள்ளி குறைகிறது. முத்திரை தளர்ந்தால் குறைகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கோ விழா மேடையில் புள்ளியும் இல்லை, திருத்தமும் இல்லை. பிரதம அதிதி கண்ணைத் துடைக்கிறார், பதக்கம் போடுகிறார், படம் எடுக்கிறார்கள். இது கருணை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பிள்ளை கலைஞராக முடியாது என்று முன்கூட்டியே எழுதிய தீர்ப்பு இது.

ஆனால் உட்கார்ந்து ஆட மரபே இடம் கொடுத்திருக்கிறது. தேவதாசியர் பதம் எனும் அபிநயப் பாடல்களுக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடித்தார்கள். சபை முகத்தையும் கையையும் கண் கொட்டாமல் பார்த்தது. ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டுக்கும் எழுந்து நிற்கவேண்டிய தேவையே இல்லை. ஆகவே நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குப் பதம் கற்பிக்க நம் நடன ஆசிரியர்களுக்குத் தடை ஒன்றும் கிடையாது. கற்பிப்பதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பதாகைக்கு அந்தப் பிள்ளை வந்தாலே போதும்.

அடுத்த விழாவிலாவது நடுவர் ஒருவர் அந்தப் பிள்ளையின் கர்த்தரீமுக முத்திரையில் விரல்கள் சரியாக விலகவில்லை என்று எழுதி, மறுபடி செய்யச் சொல்லட்டும்.