சுவிஸ் வாடகை வீட்டில் ஒரு மிடி ஸ்டுடியோ

சுவிற்சர்லாந்தின் அடுக்குமாடி வீடுகளில் இரவு 10 மணிக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. பல கட்டடங்களில் மதியச் சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். வேலை முடிந்து வருபவர்களுக்கு இசைக்கென்று மிஞ்சுவதோ அந்த இரவுதான். அதனால் இங்கே வீட்டு ஸ்டுடியோவை ஒரு மிடி கீபோர்டிலும் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனிலும் தொடங்குங்கள். ஸ்பீக்கரைப் பிறகு வாங்கலாம்.

என் மேசையில் இருப்பவை நோவேஷன் லாஞ்ச்கீ 49, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (நான்காம் தலைமுறை) ஒலி இடைமுகம், ரீப்பர் பதிவு மென்பொருள், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக். நம் கர்நாடக இசைக்கு இவை எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கின்றன என்பதைத்தான் கவனித்தேன்.

கீபோர்டில் சாவிகளைவிட எனக்கு முக்கியம் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம். 25 சாவிச் சின்ன கீபோர்டுகள் பலவற்றில் சக்கரத்துக்குப் பதில் தொடுபட்டைதான் இருக்கிறது. கமகத்துக்கு அது கைகொடுப்பதில்லை, விரல் வழுக்குகிறது. 1983இல் வந்த மிடி, சுருதி வளைவுக்கு 16,384 படிகள் தருகிறது. ஆனால் மலிவான கருவிகள் சில 128 படிகளையே அனுப்பும். அப்படிப்பட்ட கருவியில் வளைவின் எல்லையை மேலும் கீழும் 12 அரைச்சுரம் என்று வைத்தால், ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). தோடியின் காந்தாரம் படிக்கட்டில் இறங்குவதுபோலக் கேட்கும். எல்லையை 2 அரைச்சுரமாக்கினால் படி 3 சென்டாகச் சுருங்கிவிடும், காது ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று: வளைவு அந்தச் சேனல் முழுவதையும் சேர்த்தே வளைக்கும். ஆகவே ராகம் வாசிக்கும் குரலுக்குத் தனிச் சேனல் கொடுத்துவிடுங்கள்.

ரீப்பர் தாளத்தில் வென்றுவிட்டது. கட்டத்தில் 1/20 என்று தட்டினால் ஓர் அட்சரம் ஐந்தாகப் பிரியும், கண்டநடை தயார். ஆனால் வாசித்ததைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் குவாண்டைஸை முழு வலுவில் போடாதீர்கள். பாதி வலு போதும், வாசித்தவரின் கை அதில் தெரிய வேண்டும். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சலுகை உரிமம் 60 டாலர். 1967இல் வெளியான பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' பதிவானது சுவிஸ் நாட்டு ஸ்டூடர் நிறுவனத்தின் ஜே37 கருவியில், அதில் இருந்தவை நான்கே டிராக். நம் மடிக்கணினியில் டிராக்குக்குப் பஞ்சமே இல்லை!

ஸ்கார்லெட்டின் இரண்டு மைக் உள்ளீடுகள் மிருதங்கத்துக்குக் கச்சிதம்: வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு நிறைய கெய்ன் தேவை. இதில் 69 டெசிபல் வரை கிடைக்கிறது. தானாக அளவு பிடிக்கும் வசதியை இயக்கும்போது மட்டும் சும்மா தட்டிக்காட்டச் சொல்லாதீர்கள். ஒரு தீர்மானத்தை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தனி ஆவர்த்தனத்தில் ஒலி உடையும்.

மிருதங்கப் பதிவுக்குக் கட்டடத்தின் அடியிலுள்ள பாதுகாப்பு அறை கிடைத்தால் சத்தம் வெளியே போகாது. ஆனால் கொங்கிரீட் சுவர் எதிரொலிக்கும். கம்பளமும் தடித்த போர்வைகளும் தொங்கவிட்ட பிறகே மைக்கை வையுங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிய நினைப்பவர்கள் 2ஐ2 வாங்க வேண்டாம். குறைந்தது நான்கு மைக் உள்ளீடுள்ள கருவிக்குக் காசு சேருங்கள்.